அதே அமுக்கல்

அந்த வீட்டில் டிவி தானாகவே சத்தத்தைக் கூட்டிக்கொள்ள ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அண்ணி இதை முதலில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்ற பயம். அதிலும் நாத்தனாரிடம் சொல்வதற்கு ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். நாத்தனார் சர்வீஸ் சென்டரில் டிவி பழுது பார்க்கிறவள். பேய் என்று வாயெடுத்தால் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பாள்.

நாத்தனாருக்கு வீட்டில் கம்பி என்று பெயர். சின்ன வயதிலிருந்தே கையில் ஒரு துண்டு ஒயர் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. பெயர் வைத்தது அண்ணன்தான். "வீட்டு வேலைன்னு கூப்பிட்டுப் பாருங்க, எங்க கம்பி கம்பி நீட்டிடுவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தானே சிரிப்பான். அந்தச் சிரிப்பு நின்று பதினொரு மாதம் ஆகிவிட்டது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தான். எலும்பெல்லாம் ஒட்டிக்கொண்டது, தலைதான் கைவிட்டுவிட்டது. மூக்கில் சாப்பாட்டுக் குழாய், அடியில் காற்று மெத்தை, கண் திறந்தே இருக்கும், பார்வை எதிர்ச் சுவரில் எங்கோ குத்தி நிற்கும். வலது ஆள்காட்டி விரல் மட்டும் அவ்வப்போது துடிக்கும்.

"கண்ணு முழிச்சிருக்குன்னா ஆள் முழிச்சிருக்கார்னு அர்த்தமில்லம்மா" என்றார் டாக்டர். "விரல் அதுபாட்டுக்குத் துடிக்கும். அதை வச்சு ஆசைய வளர்த்துக்காதீங்க."

கம்பி வளர்த்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு கருவி செய்தாள். தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் ஒரு மைக்ரோகண்ட்ரோலர், காசு பேட்டரி ஒன்று, ரிமோட்டின் மூக்கில் இருக்குமே அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும் பல்பு ஒன்று, தொட்டாலே அமுங்கும் பட்டன் ஒன்று. அதை அண்ணனின் உள்ளங்கையில் பட்டி போட்டுக் கட்டி, பட்டன் ஆள்காட்டி விரலுக்கு அடியில் வருமாறு வைத்தாள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இன்னொரு பெட்டி. விரல் அமுக்கினால் பல்பு ஒளி விடும், சுவர்ப் பெட்டி அதை வாங்கி மணி அடிக்கும். அவ்வளவுதான். அனுப்ப வேண்டிய சமிக்ஞைக்குப் புதிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கூடத்து டிவியின் ரிமோட்டில் சத்தம் கூட்டும் பட்டன் என்ன பேசுமோ அதையே எடுத்துப் போட்டுவிட்டாள்.

"அண்ணா, இதை அமுக்கு. நீ அமுக்கினா நான் வருவேன்" என்று காதருகே குனிந்து சொன்னாள். விரல் அசையவில்லை.

அண்ணி அன்று அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு வார்த்தை கொடுத்தாள். "ஒரே ஒரு தடவை இவர் அமுக்கி அந்த மணி அடிக்கட்டும். இவரை நான் எங்கயும் அனுப்ப மாட்டேன். சத்தியமா. ஆனா ரெண்டு மாசம்தான். அதுக்கு மேல என் உடம்பு தாங்காது." சும்மா சொல்லவில்லை. ஆளைப் புரட்டிப் புரட்டி அவளுடைய இடுப்பு போய்விட்டிருந்தது. ஊர் ஓரத்தில் படுக்கையாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இடம் கேட்டு வைத்திருந்தாள்.

ஞாயிறுதோறும் கம்பி புதுப் பேட்டரி போட்டு, சுவர்ப் பெட்டியை ஒரு தடவை அணைத்து எழுப்பி, தன் விரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பாள். கணீரென்று மணி அடிக்கும். திருப்தியாகக் கையில் கட்டிவிட்டுப் போவாள். இது அண்ணனுக்குப் பிடிக்காத பழக்கம். அவன் லிஃப்டில் புது பட்டன் மாட்டினால் மூன்று தடவை அமுக்குவான். மூன்று தடவையும் லிஃப்ட் வந்தால்தான் கையெழுத்துப் போடுவான். "ஒரு தடவை எரிஞ்சதும் வேலை முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுடுவியா? மூணு அமுக்கு, கழுதை" என்று அவள் தலையில் எத்தனை குட்டு குட்டியிருக்கிறான்.

இரண்டு மாதத்தில் மணி அவனுக்காக ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

டிவி சமாச்சாரத்தைக் கம்பி தன் கண்ணாலேயே பார்த்தது கடைசிச் சனிக்கிழமை. பட்டப்பகல், மணி இரண்டிருக்கும். கூடத்தில் டிவி மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அண்ணனின் அறை வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை காலைல வண்டி அனுப்பிடுங்க. ஆமா, முடிவு பண்ணிட்டோம்."

டிவியின் அடியில் பச்சைக் கோடு எழுந்தது. பதிமூன்று. பதினான்கு. பதினைந்து. நின்றது. பிறகு பதினாறு, பதினேழு, பதினெட்டு. ரிமோட் கம்பிக்கு எதிரே மேஜையில் சும்மா கிடந்தது. யாரும் தொடவில்லை. முப்பதைத் தாண்டியபோது செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் வீடு முழுக்க அலறியது. அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்தினாள், எதிர்முனையில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிவந்து ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"பார்த்தியா? நான் அவரை அனுப்பறதப் பத்திப் பேசினாலே இப்படித்தான். இந்த வீட்ல என்னமோ இருக்கு, கம்பி."

கம்பிக்கும் உள்ளுக்குள் ஜில்லென்றது. ஆனாலும் துறைக்காரி, விட்டுக்கொடுக்க முடியுமா? "பக்கத்து வீட்டு ரிமோட்டா இருக்கும் அண்ணி. ஜன்னல் வழியா வந்து விழும்." அண்ணன் கையிலிருக்கும் கருவியும் இதே சமிக்ஞையைத்தான் விடும் என்பது அவளுக்குத் தோன்றாமலில்லை. அண்ணனின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். காற்று மெத்தைக்கு இடம் பண்ண மூன்று வாரத்துக்கு முன் அலமாரியை நகர்த்தியிருந்தார்கள். அதன் கண்ணாடியில் இப்போது கட்டிலும் தெரிந்தது, வாசலும் தெரிந்தது. ஆனால் அவன் அமுக்கியிருந்தால் முதலில் மணியல்லவா அடித்திருக்க வேண்டும்? மணி அடிக்கவில்லை. அப்படியானால் அவனில்லை. கணக்கு அத்தோடு முடிந்தது.

ப்ளக் பிடுங்கிய டிவி அப்படியே கிடந்தது. வீடு அமைதியானது. அந்த அமைதிதான் இன்னும் மோசமாக இருந்தது என்று அண்ணி பிற்பாடு சொன்னாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. ஆட்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைக் கூடத்தில் வைத்துவிட்டுக் காகிதங்களைக் காட்டினார்கள். அண்ணி கையெழுத்துப் போடப் பேனா தேடினாள். கம்பிக்கு அங்கே நிற்கக் கால் கொள்ளவில்லை. சுவர்ப் பெட்டியைக் கழற்றுகிற சாக்கில் அண்ணனின் அறைக்குள் போய்க் கதவோரம் உட்கார்ந்தாள். வேலைக்கு மறுபடி உதவும் என்று பெட்டியை லேப்டாப்பில் செருகி, உள்ளே இருந்ததை அழிக்கப் போனாள்.

உள்ளே ஒரு மெமரி கார்டு இருந்தது. முதல் வாரத்தில் கோளாறு பார்ப்பதற்காகப் போட்டு மறந்தது. பெட்டிக்கு வந்து சேரும் எல்லாச் சமிக்ஞைகளும் நேரத்தோடு அதில் பதிவாகும். பத்து வரி இருக்கும் என்று திறந்தாள்.

நாலாயிரத்துச் சொச்சம் வரிகள் இருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வரியில் 'புது அமுக்கல், மணி'. அது அவள் விரல். மற்ற வரியெல்லாம் ஒன்றுபோல் இருந்தன. 'அதே அமுக்கல், விட்டுவிடு.' 'அதே அமுக்கல், விட்டுவிடு.' 'அதே அமுக்கல், விட்டுவிடு.' கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. இடைவெளி. மறுபடி மூன்று.

டியூப்லைட் தொல்லையாக இருக்கும் என்று மனசு ஒரு நொடி சப்பைக்கட்டு கட்டியது. டியூப்லைட் கன்னாபின்னாவென்று உளறுமே தவிர, ஒரு எழுத்துப் பிசகாமல் பேசாது. டியூப்லைட்டுக்கு மும்மூன்றாக எண்ணத் தெரியாது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அந்த டிவி ரிமோட்டின் பாஷையில் பட்டனோடு ஒரு சின்னக் குறியும் போகும். ஒவ்வொரு புது அமுக்கலுக்கும் அந்தக் குறி மாறும்: பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று. குறி மாறாமல் வந்தால், விரலை இன்னும் எடுக்கவில்லை, பழைய அமுக்கலே தொடர்கிறது என்று அர்த்தம். ஒரே அமுக்கலுக்குப் பத்து தடவை மணி அடிக்கக் கூடாதே என்று, மாறாத குறியை ஒதுக்கிவிடும்படி சுவர்ப் பெட்டிக்கு அவள்தான் எழுதியிருந்தாள். சரியான வேலைதான். ஆனால் கையிலிருந்த கருவியைப் பேட்டரி மிச்சம் பிடிப்பதற்காக ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் முழுசாக அணைந்துபோகச் செய்திருந்தாள். அணைந்தால் அதற்குப் பழசெல்லாம் மறந்துவிடும். விழித்தெழும் ஒவ்வொரு தடவையும் அதற்கு அதுவே முதல் தடவை. குறி எப்போதும் பூஜ்யம்.

பெட்டியை அணைத்து எழுப்பியதும் வரும் முதல் அமுக்கல் மட்டும்தான் அதற்குப் புதுசு. ஆக, ஞாயிற்றுக்கிழமை அவள் அமுக்கிவிட்டுப் போனதற்குப் பிறகு அவன் அமுக்கியதையெல்லாம், அவளுடைய விரலே இன்னும் எடுபடாமல் இருக்கிறது என்று பெட்டி எடுத்துக்கொண்டது. இரண்டு மாதமாக. டிவிக்கு இந்தப் பேதமில்லை. விரலை எடுக்காமல் பிடித்திருந்தாலும் சத்தம் கூடத்தானே வேண்டும். அலமாரியை நகர்த்திய நாளிலிருந்து அதன் கண்ணாடியில் பட்டுக் கூடத்துக்குத் திரும்பிய ஒளி ஒவ்வொன்றையும் கேட்டு அது ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறது. சோதனையின்போது இன்னும் ஒரே ஒரு தடவை அமுக்கியிருந்தால், இரண்டாவது மணி அடிக்காததை அன்றைக்கே பார்த்திருப்பாள். மூணு அமுக்கு, கழுதை.

கம்பி போனை எடுத்து கேமராவைத் திறந்தாள். ரிமோட்டின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவுக்குத் தெரியும். சர்வீஸ் சென்டரில் ரிமோட் வந்தால் முதலில் இப்படித்தான் பார்ப்பார்கள். போனை அண்ணனின் கைக்கு நேரே பிடித்தாள். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. விரல் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது, டாக்டர் சொன்ன மாதிரி அதுபாட்டுக்கு. திரையில் அந்த உள்ளங்கைக்குள் ஊதா நிறப் புள்ளி ஒன்று மினுக்கியது. மினுக், மினுக், மினுக். நின்றது. மினுக், மினுக், மினுக்.

"அண்ணி!" என்று அவள் போட்ட சத்தத்தில் வண்டிக்காரர்களும் சேர்ந்து ஓடிவந்தார்கள்.

சொல்லிப் புரியவைக்க நேரம் பிடித்தது. அண்ணி திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். திரையில் இருந்தது, கையில் இல்லை. கையில் இல்லை, திரையில் இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் அந்த அறையில் யாரும் சந்தோஷப்படவில்லை. பதினொரு மாதமாக அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அண்ணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க... நான் இங்க நின்னு பேசினதெல்லாம்... உங்களுக்குக் கேட்டுச்சா? கேட்டுச்சுன்னா ஒரு தடவை அமுக்குங்க."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். புள்ளி ஒன்று எழுந்து அணைந்தது. அதற்குமேல் வரவில்லை.

அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "இவர் எங்கயும் வரல, நீங்க போங்க" என்று வண்டிக்காரர்களைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களில் பெரியவர் போகிற போக்கில் கட்டிலைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க சார்" என்றார். பாவம், அவர் என்ன செய்தார்?

கம்பி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை. போன மாதம் டாக்டர் வீட்டுக்கு வந்து போன நாள் அவளுக்குத் தேதியோடு நினைவிருந்தது. கதவோரம் திரும்பி வந்து லேப்டாப்பில் அந்த நாளைத் தேடினாள். அன்று காலை பதினொன்று பத்துக்கு, இதே கட்டிலின் கால்மாட்டில் நின்று, குரலைக்கூடத் தாழ்த்தாமல், டாக்டரிடம் அவள்தான் கேட்டாள்: "மூக்குக் குழாய எடுத்துட்டா எத்தனை நாள் தாங்கும்?" சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று தனக்குத் தானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பதினொன்று பதினொன்றிலிருந்து வரிகள் இருந்தன. அங்கே மும்மூன்றில்லை, இடைவெளியே இல்லை. 'அதே அமுக்கல், விட்டுவிடு' என்பது பக்கம் பக்கமாகக் கீழே போய்க்கொண்டேயிருந்தது. டாக்டர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிய நேரம் தாண்டி, அவள் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நேரமும் தாண்டி, பன்னிரண்டே காலில்தான் நின்றது.

அப்படியே எழுந்து தெருவில் இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. கதவு பக்கத்திலேயே இருந்தது. கம்பி கம்பி நீட்டிவிட்டாள் என்று சொல்லிச் சிரிக்கத்தான் ஆளிருக்கிறானே. கதவோரம் கழற்றிப் போட்டிருந்த செருப்பில் ஒரு காலைக்கூட நுழைத்துவிட்டாள்.

அண்ணனின் கையைப் பார்த்தபடி கட்டிலோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்த போனின் திரை இன்னும் விழித்திருந்தது. ஊதாப் புள்ளி எழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நீ அமுக்கினா நான் வருவேன் என்று சொல்லியிருந்தாள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே எட்டடிதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பி அந்த எட்டடியையும் நடந்து போனாள்.