யார் பேரில்

"சர்வே நம்பர் இல்லாம வில்லங்கச் சான்று எடுக்க முடியாதும்மா. கதவு நம்பர் தபால்காரருக்குத்தான் உதவும்" என்றார் பதிவு அலுவலக எழுத்தர்.

பெரியவள் பழைய பத்திரத்தின் நகலைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. தங்கைதான். எடுக்கவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று நேற்றிலிருந்தே பாட்டாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். 'வெளிய ஒரு வேலை' என்று இவள் காலையில் அப்பா வீட்டிலிருந்து கிளம்பும்போதும் தங்கை அதையேதான் சொன்னாள்.

அப்பா லாரி ஓட்டிக் கட்டிய வீடு. புருஷனோடு ஒத்துவராமல் திரும்பிவந்த சின்னவள் அங்கேயே தங்கிவிட்டாள். பார்வை போனபின் அவருக்குக் கண்ணும் கையும் அவள்தான். பெரியவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அப்போதும் ஒரு வாய்த் தண்ணீருக்கு, "சின்னது எங்க? அதைக் கூப்பிடு" என்பார். இவள் நிரப்பிய தம்ளர் இவள் கையிலேயே இருக்கும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. வீட்டையும் சத்தமில்லாமல் எழுதி வாங்கியிருப்பாள் என்ற நினைப்பு வந்த நாளிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எழுத்தர் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உங்கப்பா பேர்லயேதாம்மா இருக்கு. யாருக்கும் எழுதல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஏம்மா, இருக்கக் கூடாதா?"

முத்திரை குத்திய காகிதத்தைப் பைக்குள் வைத்தாள். தங்கை மேல் தப்பில்லை. ஆனாலும் கோபம் இறங்க மறுத்தது.

தெரு முனையிலிருந்தே அப்பா வீட்டு வாசலில் செருப்புகள் தெரிந்தன. அத்தனை செருப்பு எதற்கென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அப்பாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். கட்டில் காலோடு சாய்ந்து சின்னவள் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"உன்னைத்தான் கேட்டாரு. பெரியது எங்க, பெரியது எங்கன்னு. நீ போனை எடுக்கல. பாக்கச் சகிக்கல. கையைப் புடிச்சு, பெரியவ வந்துட்டேன்ப்பான்னு சொன்னேன்."

"நம்பினாரா?"

"உன் கையின்னு நெனச்சுத்தான் அப்படி இறுக்கிப் புடிச்சாரு." சின்னவள் அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு, "இத்தனை வருஷம் நான் பாத்தேன். போறப்ப என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடலக்கா" என்றாள்.

அதில் அழுகை இல்லை. அந்தக் குரல் பெரியவளுக்குத் தனக்குள்ளேயே கேட்டு நன்றாகப் பழக்கமானதுதான். தங்கையின் வாயிலிருந்துதான் கேட்டதில்லை.

சின்னவளின் மணிக்கட்டில் அப்பாவின் விரல்கள் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. பெரியவள் அதைத் தொடக் கை நீட்டினாள்.

சின்னவள் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.