ஒரு விரலுக்குத் திறக்கும் குழாய்

பொது சுகாதாரத் துறையின் கைகழுவும் தொட்டிக்குக் கீழே பிளம்பர் மல்லாந்து படுத்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பல்கலைக்கழக வாசலில் காவலாளி மறித்தபோது, "தண்ணி வரலன்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. கையில் ஸ்பேனரும் முகத்தில் சலிப்பும் இருந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கேட்டும் திறந்துவிடும் என்பது பிளம்பருக்குத் தெரியாததா! பொய் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தலும் இல்லை. தண்ணீர் வரவில்லை என்று ஒருத்தி சொன்னது உண்மைதான். அது அவருடைய மகள்.

மகளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று இங்கே, அவர் வேலைக்குப் போகும் அதே பஸ்ஸில் ஏறினால் கடைசி நிறுத்தம். இன்னொன்று ரயிலில் ஒரு ராத்திரியும் மறுநாள் பாதியும் போகவேண்டிய தூரம். இரண்டிலும் ஒரே படிப்புதான், பொது சுகாதாரம். அது என்ன படிப்பு என்று எடுத்துச் சொல்வதற்குள் பிளம்பருக்கு நாக்கு வறண்டுவிடும். ஹார்டுவேர் கடைக்காரர் இன்னும் விட்டபாடில்லை. "டாக்டரும் இல்ல, நர்சும் இல்லங்கற. அப்ப ஊசி போடத் தெரியாத டாக்டரா?" என்று வாஷரைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே சிரிப்பார். பிளம்பரும் கூடவே சிரித்து வைப்பார். மனைவி இருந்திருந்தால் வெடுக்கென்று ஒரு பதில் சொல்லியிருப்பாள்.

அவள் போனதால்தான் இந்தப் படிப்பே. அந்தக் கோடையில் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். பத்து வயசு மகள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஓடி ஓடிப் பார்த்தார், குறை சொல்லக் கூடாது. மற்றவர்கள் எழுந்து நடந்தார்கள். இவர் மனைவி எழவில்லை. அதற்கு வெகுகாலம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று மகள் கேட்டாள்: "ஒவ்வொருத்தருக்கா மருந்து குடுத்தாங்களே, தெருவுக்கே ஏன் வந்துச்சுன்னு ஒருத்தர்கூட கேக்கலையேப்பா?" அதைக் கேட்கிற படிப்பு ஒன்று இருக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள்.

போன வாரம் உள்ளூர் பல்கலைக்கழகத்தைப் பார்க்க இருவரும் சேர்ந்து வந்திருந்தார்கள். பேராசிரியர் படம் போட்டுக் காட்டிப் பேசினார். களப்பணி எப்போது என்று மகள் கேட்டதற்கு, "அதெல்லாம் கடைசி வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார். தூரத்துப் பல்கலைக்கழகத்தில் முதல் மாதமே வீடு வீடாக அனுப்புகிறார்களாம். இதையெல்லாம் பிளம்பர் காதில் வாங்கினார், மனசில் வாங்கவில்லை. அவர் மனசில் விழுந்தது பஸ்ஸில் திரும்பும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்ன ஒன்றுதான். "கையக் கழுவுங்கன்னு ஊருக்கே சொல்லித்தர்ற எடம், அங்கயே குழாய்ல தண்ணி இல்ல. இங்க போயி எப்படிப்பா படிக்கிறது?"

குழாய்தானே! அவருக்கு உயிர் வந்தது. மகளுக்கும் இந்த ஊருக்கும் நடுவில் நிற்பது ஒரு குழாய்தான் என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பினார். வேறு தொழில்காரன் என்றால் வேறு எதையாவது நம்பியிருப்பான். இரு என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் இரண்டு தட்டு கழுவி வைக்கும் வீட்டில் ஒரு தட்டை மட்டும் கழுவுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. இவர் சொந்தச் செலவில் வால்வும் வாஷரும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தொட்டிக்கு அடியில் வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கழற்றி, புதிதாக மாட்டி, திறந்தார். காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீர் வந்தது. வேலை அதோடு முடிந்தது, ஆனால் கை நிற்கவில்லை. குழாயின் தலையையும் கழற்றி, தண்டைத் துடைத்து, கிரீஸ் தடவி, ஒரு விரலால் தள்ளினாலே திறக்கும்படி செய்தார். அந்தக் காய்ச்சலுக்கு வெகு முன்பே மனைவிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி எதையும் முறுக்க முடியாமல் போனபோது வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்து கொடுத்தார். பிறகு அதுவே பழகிப்போனது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். அந்தக் கணக்குப்படி பிளம்பர் வீட்டுக் குழாய் ஒழுக வேண்டும். இவர் வீட்டில் ஒழுகாது. பக்கத்து வீட்டில் சொட்டினாலே இவருக்குத் தூக்கம் போய்விடும்.

எந்த இடம் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை மகள் இன்னொரு தடவை பேராசிரியரைப் பார்க்கப் போனாள். சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய்க் கை கழுவினாள். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் குழாயை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். எல்லாம் ஒரு விரலால்.

"அங்க தண்ணி வருதுப்பா."

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றார், தலை நிமிராமல்.

"அதுவும் ஒத்த வெரல்ல தொறக்குது."

கத்தி நின்றது. திருட்டு முழி முழிப்பதற்கு வெங்காயமாவது கைகொடுத்ததே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபமாக இருக்கிறாளா அழப்போகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"ஏம்ப்பா, இருன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ இருந்துடுவியே."

சொன்ன பிறகுதான் அதைத் தானே முதல்முறையாகக் கேட்பதுபோல் இருந்தது அவருக்கு. மகள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் கையில் வெங்காய நாற்றம். முடியைத் தொடலாமா என்று யோசித்து, புறங்கையால் தொட்டார்.

"பேராசிரியர் என்ன சொன்னாரு?"

"அதேதான். கடைசி வருஷம் பாத்துக்கலாம்னாரு."

"அப்ப அது என்னால சரிபண்ற வேல இல்லம்மா" என்றார். "தூரத்துலயே சேந்துக்க. ஒனக்குக் கேக்க வேண்டியது இருக்கு. போய்க் கேளு."

ரயிலடியில் இருவரும் சாமான்களைப் பற்றி மட்டுமே பேசினார்கள். பூட்டு, தண்ணீர் பாட்டில், போர்வை. வண்டி நகர்ந்ததும் அவர் கூடவே நடந்தார். அவள் கை தெரிகிறவரை பார்த்துவிட்டு பஸ் பிடித்தார். பழக்கதோஷம், இரண்டு டிக்கெட் கேட்டுவிட்டு, "ஒண்ணு, ஒண்ணு போதும்" என்று திருத்தினார்.

அவள் போய்க் கொஞ்ச நாளில் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. வாஷர் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனவர் குழாயில் கைவைக்காமல் நின்றார். வீட்டில் அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. நின்று கேட்டார். பிறகு ஸ்பேனரை வைத்துவிட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை அடியில் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்டது. நாற்காலியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டார். நாலு பேருக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள்தான். ஆனால் அந்த நாலு பேர் யார் வரப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். குரல் துள்ளியது. "கால் போச்சுப்பா! தெரு முழுக்க வீடு வீடா ஏறி எறங்குனோம். ஒரு அம்மா மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்திட்டாங்க. இன்னொருத்தங்க உக்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசுனாங்க, நான் கேட்டத விட்டுட்டு மத்ததெல்லாம்." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"என்னப்பா சத்தம்?"

"எங்க?"

"டொக்கு டொக்குன்னு. நம்ம வீட்லயா குழாய் சொட்டுது?"

"ஆமா."

"பையில வாஷர் இல்லையா?"

"இருக்கு."

மறுமுனையில் அவள் போனை வைக்கவில்லை. பிளம்பர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு, கனத்து, கிண்ணத்தில் விழுந்தது.