ஏறக்கூடாத படம்

…நானூற்றுப் பத்து, நானூற்றுப் பதினொன்று, அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, கம்ப்யூட்டரில் நான் எழுதிய ஸ்கிரிப்ட்தான், ஃபோல்டரில் எது விழுந்தாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் சர்வருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும், இந்த வீட்டில் என் சொல்பேச்சு கேட்கிற ஒரே ஜீவன், கோச்சடையில் கரண்ட் மட்டும் போகாமல் இருந்தால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் கல்யாணப் படம் அத்தனையும் ஏறிவிடும், மாப்பிள்ளை வீட்டுக்கு லிங்க் அனுப்புவதாகச் சொன்ன நேரம் அதுதான். அடுப்படியில் லத்தீபா எதையோ உருட்டுகிறாள். ஐந்தாம் மாதத்தில் பிள்ளை கலைந்து போனதிலிருந்து, நான்கு மாதமாக, பாத்திரம் பேசுகிற அளவுக்குக்கூட நாங்கள் பேசுவதில்லை… அவள் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன், வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. படமெல்லாம் ஒழுங்காக ஏறுகிறதா, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சைட்டைத் திறந்தால், கடைசியாக ஏறியது மேலே வரும், மேலே… லத்தீபா.

லத்தீபாவா? மெரூன் துப்பட்டா, கையில் பாதி கடித்த தம்ரூட் இனிப்பு, தலையைப் பின்னால் சாய்த்து, கண் இடுங்க, கடைவாய்ப் பல் தெரிய ஒரு சிரிப்பு… இவள் எப்படி இங்கே, ஐயோ, மண்டபத்தில் பெண்கள் பக்கம், என்னோடு வேலை பார்க்கிற ஆஷிகா எடுத்த படங்கள்! பெண்கள் பக்கத்துப் படம் நெட்டில் ஏறவே கூடாது, தனி பென்டிரைவில் போட்டு மணப்பெண்ணின் அம்மா கையில் ஆஷிகாவே கொடுப்பாள், நான் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை, அந்த நம்பிக்கையில்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். ஏறுவதை நிறுத்தினேன். லிங்க் இன்னும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ், யாரும் பார்க்கவில்லை, என்னைத் தவிர. ஆஷிகாவுக்குப் போன் போட்டால் பதறுகிறாள். "பாதுஷாண்ணே, பென்டிரைவ் புட்டுக்கிச்சுன்னு ஒங்க சிஸ்டத்துல அந்தக் கல்யாண ஃபோல்டர்ல ஓரமா போட்டு வச்சேன். அது தானா ஏறும்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? ஒண்ணையும் தொறக்காதீங்க, நெட்ல ஏறுனதை மட்டும் அழிச்சிருங்க, இந்தா வாரேன்." ஒண்ணு பாத்துட்டேன்மா, லத்தீபா படம், என்றேன். அவள் குரல் இறங்கியது. "அக்காதாண்ணே அன்னைக்கு எல்லாத்தையும் சிரிக்க வச்சாங்க. அம்புட்டுச் சேட்டை."

அம்புட்டுச் சேட்டையா? அவளையும் அழைத்திருந்தார்கள் என்று கூட்டிப்போய், கல்யாணம் முடிந்து வண்டியில் வரும்போது எப்படி இருந்தது என்று கேட்டேனே, "இருந்துச்சு" என்றாள், அதோடு சரி, மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்து என்ன வேதனைப்பட்டாளோ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிறது, சத்தியமாக, என் லத்தீபாவுக்குச் சிரிக்க வருகிறது… பொறாமையாகவும் இருக்கிறது, மண்டபம் முழுக்கக் கொடுத்தவளுக்கு வீட்டில் ஒரு துளி மிச்சமில்லையா? இந்த ஒரு படத்தை மட்டும் செல்லில் போட்டு வைத்துக்கொண்டால் என்ன, நான் கட்டினவள்தானே, யார் கேட்கப் போகிறார்கள்… ஆனால் ஆண்கள் யாரும் பார்க்கவில்லை என்று நம்பிச் சிரித்த சிரிப்பு அது, நானும் பார்க்கவில்லை என்று நம்பி. அழித்தேன். பெண்கள் பக்கம் மொத்தமும் சர்வரிலிருந்து போயிற்று, லத்தீபாவும்தான்.

டீ கொண்டு வருகிறாள். இன்னொரு கையில் செல், அவள் தங்கச்சி ஏதோ வீடியோ அனுப்பியிருப்பாள் போல, வாசற்படி வரைக்கும் உதட்டில் சிரிப்பு இருந்தது, நன்றாகப் பார்த்தேன், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், சட்டென்று செல்லைத் திருப்பி இடுப்போடு வைத்துக்கொண்டாள், சிரிப்பும் போய்விட்டது. "என்னங்க, தலை வலிக்குதா?" இல்லை என்றேன். நான்கு மாதமாக இந்த மூஞ்சியைத்தான் இவளுக்குக் காட்டிக்கொண்டு இருந்தேனா… துக்கம் அவளுக்கு என்று நினைத்து நான் மெல்ல மெல்ல நடக்க, துக்கம் எனக்கு என்று நினைத்து அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு… அப்படியும் இருக்குமா? டம்ளரைச் சத்தம் வராமல் வைத்துவிட்டுத் திரும்பினாள். "லத்தீபா" என்று கூப்பிட்டேன். நின்றாள். பக்கத்தில் இருந்த நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டேன்.