மந்திரி காலமானார்

கில்பர்ட்டுக்குத் தெரியாத விஷயம் என்று ஜொகூரின் ரெங்கம் ஊரில் எதுவும் கிடையாது. முப்பது வருடம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். கோழிக் குழம்பானாலும் சரி, ஞாயிறு பூசையானாலும் சரி, “சிங்கப்பூர்ல இப்படி இல்ல லா” என்றுதான் ஆரம்பிப்பார். அப்படியானால் அங்கேயே இருந்திருக்கலாமே என்று அவருடைய தங்கை கத்தரின் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்கே அவளுக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கலாம்.

கணவன் இறந்த பிறகு கத்தரின் பள்ளிக் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளும் அண்ணனும் போக மூன்றாவது ஆள், மந்திரி என்கிற நாய். யார் கூப்பிட்டாலும் எழுந்து வராத குணத்துக்காகக் குட்டியிலேயே வைத்த பெயர். இப்போது பதின்மூன்று வயதாகி, எழுந்து வர நினைத்தாலும் அதனால் முடியவில்லை. பின்னங்கால்கள் டைல்ஸ் தரையில் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போயின. எழும்போது அடித்தொண்டையில் ஒரு முனகல் வரும். பல நாள் படுத்த இடத்திலேயே நனைத்துவிடும். கத்தரின் விடிவதற்கு முன்பே எழுந்து, அது படுக்கிற வாசல் போர்ச்சைக் கழுவிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

கில்பர்ட் சும்மா இருப்பாரா? வைத்தியத்தில் இறங்கினார். தலைவலித் தைலத்தை அரைப் புட்டி எடுத்து நாயின் இடுப்பில் தேய்த்தார். மந்திரி அதை நக்கிவிட்டு நாள் முழுக்க வாந்தி எடுத்தது. தைலம் அசல் சரக்கு, அதனால்தான் இவ்வளவு வேகம் என்று விளக்கம் வேறு. அது பலிக்காததும், வயசான நாய்க்கு விடுதலை கொடுப்பதுதான் கருணை, ஓர் ஊசி போட்டால் வலியில்லாமல் தூங்கிப்போய்விடும் என்று சாப்பாட்டு மேசையில் தினமும் பிரசங்கம் வைக்கத் தொடங்கினார்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, நாயைக் காரில் ஏற்றி அவரைக் குளுவாங் டவுனிலுள்ள மிருக கிளினிக்குக்கு அனுப்பும்போது கத்தரின் தெளிவாகச் சொன்னாள். “வலிக்கு மருந்து கேளுங்க. வேற எதுவும் பேசாதீங்க.”

பத்தரை மணிக்கு அவள் மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. டாக்டரே தூங்க வைக்கணும்னு சொல்லிவிட்டார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், வலியில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும் என்றார் கில்பர்ட். சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். கத்தரின் அடுப்பை அணைத்துவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மிச்ச மீனைப் பொரித்தாள்.

இரண்டு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது ரம்புத்தான் மரத்தடியில் குழி தயாராக இருந்தது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் துக்கச் செய்தியும் போயிருந்தது. “நம் மந்திரி இன்று காலை காலமானார்.” கெலாங் பாத்தாவிலிருந்து ஒருவர் எந்த இலாகா மந்திரி என்று கேட்டிருந்தார். விஷயம் புரிந்த பிறகு பதினொரு பேர் மெழுகுவத்திப் படம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட மந்திரிக்கு ஒரு எலும்பு வாங்கிப் போட்டவர் இல்லை.

மூன்று மணிக்குக் கிளினிக் முகப்பில் வேலை செய்யும் லோஷினி கூப்பிட்டாள்.

“ஆண்ட்டி, மந்திரி எந்திரிச்சிருச்சு. அங்கிள வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

ஆண்டவர் உயிர்த்தெழவே மூன்று நாள் ஆனது. இந்த நாய்க்கு அரை நாள்கூட ஆகவில்லை. கத்தரின் அண்ணனின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

கிளினிக்கில் லோஷினி நடந்ததைச் சொன்னாள். சீன டாக்டர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “திடுர்கான் டுலு” என்று மலாயில் சொல்லியிருக்கிறார். முதலில் தூங்க வைக்கணும். வலியில் நாய் அசையும், அதனால் மயக்கம் கொடுத்துத்தான் எக்ஸ்ரே எடுக்க முடியும் என்று அடுத்து சொல்ல வந்திருக்கிறார். அண்ணன் அதுவரை நிற்கவில்லை. பாரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, நாயின் நெற்றியில் சிலுவை வரைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். இவ்வளவு பாசமா என்று லோஷினிக்கே அழுகை வந்துவிட்டதாம்.

“டுலு” என்றால் முதலில் என்று ஜொகூரில் பால்குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். தேத்தண்ணிக் கடையில் தினம் இரண்டு வேளை “மினும் டுலு”, முதலில் குடி, என்று ஊரையே உட்காரவைக்கிற மனிதருக்குத் தெரியாதா? தூங்க வைப்பது என்ற சொல்லுக்காக ஆறு மாதம் காத்திருந்த காது, அது வந்ததும் மூடிக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

கில்பர்ட் தலை குனிந்தபடி, “அது கஷ்டப்படுறத என்னால பாக்க முடியல கத்தரின்” என்றார்.

“பாக்க முடியலன்னா நீங்க கண்ண மூடிக்கணும். அதோட கண்ண எதுக்கு மூடுறீங்க?”

முகப்பில் பூனையோடு காத்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தது கத்தரினுக்கு.

டாக்டர் படத்தைக் காட்டினார். இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருந்தன. சாகிற வியாதி இல்லை. வலிக்கு அவர் தருகிற மருந்து மட்டும்தான், மனிதர்களின் மாத்திரையும் தைலமும் கிட்டேயே வரக்கூடாது. டைல்ஸ் மேல் ரப்பர் பாய் விரிக்க வேண்டும். உடம்பு இளைக்க வேண்டும். எழும்போது அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட வேண்டும். இவ்வளவுதானா என்று கத்தரின் இரண்டு முறை கேட்டாள். இவ்வளவுதான். தினமும் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

மயக்கம் முழுசாகத் தெளியாத மந்திரி கார்க் கதவருகில் தள்ளாடி நின்றது. கில்பர்ட் பின்னால் துண்டைப் பிடித்தார். கத்தரின் முன்னால் குனிந்து நெஞ்சைத் தாங்கினாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாங்கிக் கட்டிக்கொண்டது போதாது என்று மிச்சத்துக்கும் தயாராக நின்றார். திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

“நீங்க போன்ல முடிஞ்சிருச்சுன்னு சொன்னப்ப எனக்கு அழுகை வரல அண்ணே. அப்பாடா, நாளைக்குப் போர்ச் கழுவ வேணாம்னுதான் மொதல்ல தோணுச்சு.”

கில்பர்ட் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மந்திரி தலையைத் திருப்பி அவள் மணிக்கட்டை நக்கியது. கையை எடுத்துவிட வேண்டும்போல் இருந்தது. எடுத்தால் அது விழுந்துவிடும் என்பதால் கத்தரின் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.