சட்டை மாற்றி வந்த மலேரியா

பூரணாங்குப்பத்துக்கு மலேரியா வரும்போதெல்லாம் கொசுவின் மேல் ஏறித்தான் வருவான். சேதுராமன் வீட்டு வாசலில் இறங்கியதும் முழங்கால் உயர ஆளாகி, ஈரக் காலை மிதியடியில் துடைத்துக்கொண்டு உள்ளே போவான். சவுக்குத் தோப்புப் பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கும் ஊர் என்பதால் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எல்லா வீட்டுக்கும் போய்வருகிறவன்தான், ஒரு வீட்டுச் சண்டையை இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லமாட்டான் என்று நல்ல பெயர்கூட உண்டு. ஆனால் சேதுராமனின் மனைவி மகாலட்சுமிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவளுடைய மூத்த மகன் அருள்முருகனை நடை பழகும் வயதில் அவன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டாவதாகப் பிறந்த யாமினியையாவது, பிள்ளைகள் அவனுக்கு ஈடுகொடுக்கத் தொடங்கும் பள்ளிக்கூட வயதுவரை காப்பாற்றிவிட வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

யாமினி கைக்குழந்தையாக இருந்தவரை பயமில்லை. மகாலட்சுமி அதே ஊரில் பிறந்து, அதே மலேரியாவோடு மல்லுக்கட்டி வளர்ந்தவள். அவன் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால் பிள்ளையின் உடம்பெங்கும் தாயின் முகம் தெரியும். இங்கேயும் இவள்தானா என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிவிடுவான். பிள்ளை சோறு தின்னத் தொடங்கிய பிறகு தாயின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, அதற்கென்று சொந்த முகம் வந்தது. உறவுக்காரர்கள் அழகு என்றார்கள். மலேரியாவும் அதற்காகத்தான் காத்திருந்தான். ஐப்பசி மழையில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்து பாயில் பிள்ளையின் பக்கத்தில் படுத்தான். அது நடுங்கிய நடுக்கத்தில் பரண் மேலிருந்த பாத்திரங்கள் உருண்டன, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, மருந்து கொடுத்து, பிழைக்க வைத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்த தப்பெல்லாம் சேதுராமன் பக்கம்தான். பாகூர் கடைத்தெருவில் அவருக்கு ரெடிமேட் துணிக்கடை. வீட்டுக்கு வந்தவருக்குத் துணி வைத்துக்கொடுத்து அனுப்பினால் மனக்குறை இல்லாமல் போவார், திரும்பி வந்து வம்பு பண்ணமாட்டார் என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை. சம்பந்தி சண்டையைக்கூட அப்படித்தான் தீர்த்தார்கள். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, வெற்றிலை பாக்கோடு ஒரு நீலச் சட்டையைத் தாம்பாளத்தில் வைத்து மலேரியாவிடம் நீட்டினார். அவனும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டான். அடுத்த மழைக்கு அதைப் போட்டுக்கொண்டே வந்தான். மஞ்சள் சட்டைக்காரனுக்காக உடம்பெல்லாம் உஷாராக இருந்த பிள்ளை, இது யாரோ என்று சும்மா இருந்துவிட்டது. மறுபடி நடுக்கம், மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி தாம்பாளம். கட்டம் போட்டது, கோடு போட்டது, காலர் இல்லாதது என்று கடையிலிருந்த ரகமெல்லாம் இப்படிப் போயிற்று. யாமினிக்கு மண்ணீரல் வீங்கி வயிறு உப்பிக்கொண்டது.

பிள்ளையை, மலேரியா போகாத திருபுவனையில் தன் தங்கை வீட்டில் விட்டுவிடலாம் என்றார் சேதுராமன். மகாலட்சுமி முடியாது என்றுவிட்டாள். அவளுடைய அண்ணன் சின்ன வயதில் மலேரியாவைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடியவன். துபாயில் சில வருடம் இருந்துவிட்டு வந்ததும் அதே மலேரியாவை அடையாளம் தெரியாமல் சுருண்டு விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தூரப் போனால் பழக்கம் விட்டுப்போகும். இந்தப் பேச்சு நடந்த அன்றைக்குத்தான், பூப்போட்ட சட்டையோடு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தாம்பாளம் அவள் கண்ணில் பட்டது.

"ஏங்க, புள்ள அவன அடையாளம் கண்டுக்கினு வர்ற நேரத்துல நீங்களே வேஷம் கட்டி அனுப்புறீங்களா? ஒரு புள்ளய குடுத்தது பத்தலியா?"

சேதுராமன் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டார். தாம்பாளத்தைக் கழுவிச் சாமியறையில் கவிழ்த்து வைத்தார். பூப்போட்ட சட்டை கடைக்கே திரும்பிப் போய், வேறு யாருக்கோ விற்றுப்போனது.

புதுத்துணி வரத்து நின்றதும் மலேரியா திண்டாடிப் போனான். இருந்ததைத் திருப்பிப் போட்டான், கைமடித்துப் போட்டான், ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டான். யாமினிக்கு ஐந்து வயது நெருங்கிய வருடம், நல்ல மழையில், பழைய சட்டை ஒன்றின் உள்பக்கத்தை வெளியே போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தான். அவள் ரசம் சோறு தின்றுகொண்டிருந்தாள். அவனை அத்தனை சட்டையில் பார்த்தாயிற்று. இப்போது சட்டையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, நடையே போதும்.

"இன்னாடா, சட்டய திருப்பிப் போட்டுக்கினு வந்தா எனக்குத் தெரியாதா? குந்து அங்க."

அவன் குந்தினான். மகாலட்சுமி ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்படியில் இருந்துவிட்டு வந்த கை அளவுக்குச் சூடு, அவ்வளவுதான். பரணில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை. பிள்ளை தட்டை வழித்துத் தின்றுவிட்டு மழையில் ஆடப் போய்விட்டது. மகாலட்சுமி நடுவீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், பிறகு அழுதுகொண்டே எழுந்து கேசரி கிண்டித் தெரு முழுவதற்கும் கொடுத்தாள். அத்தனை சந்தோஷத்தை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. மலேரியாவுக்கும் ஒரு கரண்டி வைத்தாள். அவன் தலை நிமிராமல் தின்றான்.

ஜூனில் யாமினி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். இப்போதும் அவன் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தால் கொஞ்ச நாள் ஒதுங்கியிருப்பான், மழை பிடித்தால் திரும்பி வருவான். வந்தால் யாமினியின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வேன்வரை பின்னாலேயே நடப்பான். வேன் ஓட்டும் வீரமணி அவனைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: சீட்டெல்லாம் பிள்ளைகளுக்கு, நீ ஸ்டெப்னி மேல உக்காரு.