லேமினேஷன் போட்ட பட்டம்

ஹர்ஷினி அமெரிக்காவில் நான்கு வருடம் இருந்து பட்டம் வாங்கியது ரஷ்ய ஓவியத்திலும் கலாச்சாரத்திலும். குடும்பம் இருக்கும், துபாய்ப் பக்கத்து அஜ்மானில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா அனந்தகிருஷ்ணன் சொன்னது கம்ப்யூட்டர். "பொம்மை பாக்கறதுக்கா அவ்ளோ செலவு பண்ணி அனுப்பிச்சேன்?" என்ற பாட்டு வீட்டுக்குள் மட்டும் கேட்கும். முட்டை மஞ்சள்கருவில் வண்ணம் குழைத்து மரப்பலகையில் வரைந்த பழைய தேவமாதா படங்களின் முன்னால் மகள் மணிக்கணக்காய் நின்றதும், ரஷ்ய மொழியை நாக்கு சுளுக்கக் கற்றதும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

திரும்பி வந்து ஒரு வருடம் சும்மா இருந்தவளுக்கு, துபாயில் திறக்கவிருந்த ஒரு கலைக்கூடம் அதே மாதிரிப் படங்களைக் கவனிக்கும் வேலையைக் கொடுத்தது. அசல் பட்டச் சான்றிதழில் தூதரக முத்திரை வாங்கி, அட்டெஸ்டேஷன் செய்து ஒன்றரை மாதத்துக்குள் தர வேண்டும். தவறினால் அடுத்த ஆள்.

அன்றுதான் அப்பா அந்தச் சான்றிதழை முதல்முறையாகக் கையில் வாங்கிப் படித்தார். மறுநாள் லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். தன் எஸ்.எஸ்.எல்.சி. முதல் எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார். "இனிமே தண்ணி பட்டாக்கூட ஒண்ணும் ஆகாதும்மா," என்றார். ஹர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. பைத்தியக்காரி, சந்தோஷப்பட்டாள்.

அட்டெஸ்டேஷன் ஆபீசில் கீழக்கரைக்காரர் சாகிர் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? பின்னாடி சீல் குத்தணுமே. பிளாஸ்டிக் மேல குத்துனா எவனும் ஏத்துக்க மாட்டான்."

ஓரத்தில் பிளேடு வைத்து மெல்ல உரித்தார். கல்லூரி முத்திரையில் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு. புதுசுதான் வாங்கணும்."

புதுப் பிரதிக்கு எட்டு வாரம் ஆகும் என்றது கல்லூரி. அவள் கெஞ்சி எழுதியும் கலைக்கூடம் காத்திருக்கவில்லை.

வேலை இல்லை என்ற கடிதம் வந்த அன்று அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாவி, தெரியாம பண்ணிட்டேனே," என்று தலையில் அடித்துக்கொண்டார். அது நிஜம்தான். அப்புறம் தண்ணீர் குடித்தார்.

"சரி, ஆனது ஆச்சு. இப்பவாவது நான் சொல்லிட்டே இருந்த அந்தக் கம்ப்யூட்டர் டேட்டா கோர்ஸ்ல சேந்துடு. பாஸ்கர் அங்கிள் கம்பெனில எடுத்துப்பாங்க. சொல்லி வச்சிருக்கேன்."

"எப்ப சொன்னீங்க?"

"போன வாரம்," என்றார், யோசிக்காமல்.

போன வாரம் முழுக்க அவள் சோறு இறங்காமல் கலைக்கூடத்தின் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"உங்களுக்கு நிம்மதியா இருக்கு, இல்லப்பா?"

"என்னடி பேச்சு இது?" என்று எரிந்து விழுந்தார் அப்பா. இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.