உன் பேரில் ஒரு பாய்

தன் சொந்த ஊரான ரொட்டுமா தீவின் பழைய வான்வழிப் படத்தை ஹாரியேட்டா கணினியில் புது வரைபடத்தின் மேல் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் தம்பி ஃபெசைட்டு அழைத்தான். விடிகாலையில் அப்பா போய்விட்டார். சாயங்காலமே அடக்கம்.

அவள் வேலை பார்க்கும் சுவா நகரத்திலிருந்து ஊருக்குப் போகும் கப்பல் பழுதாகித் துறையில் நின்றது. விமானம் அடுத்த வாரம்தான்.

"கடைசியா ஏதாவது சொன்னாராடா?" என்று ஹாரியேட்டா கேட்டாள்.

"உன்னத்தான் கேட்டாருக்கா. வந்துட்டாளா வந்துட்டாளான்னு."

அவள் ஊருக்குப் போய் ஆறு வருடமாகிறது. அந்தத் தீவின் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருவதைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. பழைய கடல் வரைபடங்கள், பாதிரிமார்களின் குறிப்புகள், முன்பு வந்துபோன ஆய்வாளர்களின் கட்டுரைகள் எல்லாமே பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தன. "நம்ம ஊரப் பத்தி எழுத ஊருக்கே வர வேணாம்கிற, கெட்டிக்காரிதான்!" என்று அப்பா போனில் சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

மதியம் டோரிக்கா அத்தையை அழைத்தாள்.

"பேச்சா? ரெண்டு நாளா வாயே தொறக்கலியேம்மா. மூச்சு மட்டுந்தான் ஓடிட்டிருந்துச்சு."

தீவு ஆஸ்பத்திரி நர்ஸையும் பிடித்தாள். "தூக்கத்துலயே போயிருப்பாருங்க. நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

பக்கத்தில் இருந்தவர் யார், கேள்விப்பட்டதைச் சொல்பவர் யார், யாருக்கு எதைச் சொல்ல ஆசை என்று பிரித்துப் பார்க்கத்தான் அவள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கை தானாகவே தம்பியின் எண்ணை அழுத்தியது. அவனுக்குப் பின்னால் பெண்கள் அழுதுகொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபெசைட்டு, நிஜமா என்னக் கேட்டாரா?"

மண்வெட்டி மணலில் இறங்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது.

"உன் பேர்ல ஒரு பாய் போட்டிருக்கேன்க்கா," என்றான். "நல்ல வெள்ளப் பாய். நீ செய்யவேண்டிய மொறைன்னு, அவர் மேலயே."

"சரிடா," என்றாள்.

கணினியை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் பிடித்துத் துறைக்குப் போனாள். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கியபடி ஒருவன் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இந்த வாரம் கிளம்பாதும்மா," என்று மேலிருந்து சொன்னான்.

"தெரியும்ண்ணே."

பையை மடியில் வைத்துக்கொண்டு, கப்பலைப் பார்த்தபடி சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தாள். அவன் சுரண்டிய துருத்தூள் காற்றில் வந்து அவள் பாவாடையில் படிந்தது. அவள் தட்டிவிடவில்லை.